எக்ஸியா, ஆர்.பி.எம்.மா, டெப்பா? மென்பொருள் வீட்டுக்கு வந்த கதை

2011 செப்டம்பர் 15. அண்ணா பிறந்த நாள். திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில் நடந்த விழாவில் அப்போதைய முதல்வர் ஜெயலலிதா, மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதல் ஆண்டுக்கு மட்டும் 9.12 லட்சம் மடிக்கணினிகள் என்று கணக்கு. வாங்கிக் கொடுக்கும் பொறுப்பு அரசு நிறுவனமான எல்காட்டுக்கு. அந்த மடிக்கணினியை முதல்முறை திறந்த பிள்ளைகளுக்குத் திரையில் ஒரு கேள்வி வந்தது: விண்டோஸா, பாஸ் லினக்ஸா?

எதைத் தொட்டாலும் கணினி ஓடும். ஆனால் ஒரு வாரம் கழித்துப் புதிதாக ஒரு மென்பொருள் போட வேண்டும் என்றால்? விண்டோஸ் பக்கம் போனவர் நண்பனின் பென் டிரைவிலிருந்து "செட்டப்" என்று பெயர் போட்ட கோப்பை இரண்டு தட்டுத் தட்டினார். முடிந்தது. பாஸ் பக்கம் போனவர் கையில் டெப் என்று முடியும் கோப்பு இருந்தது. அதை ஏற்றினால் "இது வேண்டும், அது வேண்டும்" என்று ஒரு பட்டியல் வரும். பட்டியலில் உள்ளவை இணையத்தில் இருக்கின்றன. இணையம்?

அதே மாவட்டத்தில் பொன்னேரி வட்டத்து ஆரணியை எடுத்துக்கொள்ளுங்கள். (பட்டுக்குப் பேர்போன திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி வேறு. இது ஆரணியாற்றங்கரையில் இருக்கும் பேரூராட்சி.) 2011-இல் இப்படிப்பட்ட ஊரில் மடிக்கணினி வந்து சேர்ந்த எல்லா வீட்டுக்கும் பிராட்பேண்ட் வந்து சேரவில்லை. ஒரு கோப்பின் வால்பகுதியில் உள்ள மூன்று எழுத்துக்கு எவ்வளவு பலம் என்று அங்கேதான் தெரியும்.

மூன்று எழுத்து எங்கிருந்து வந்தது என்று பார்க்கக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பிளாப்பி காலத்தில் மென்பொருளைக் கொடுப்பது என்றால் கோப்புகளை நகல் எடுத்துக் கொடுப்பது, அவ்வளவுதான். ஒரு பிளாப்பியில் 1.44 எம்.பி. பிடிக்கும். மென்பொருள் பெருத்ததும் சுருக்கிக் கட்டும் வேலை வந்தது. 1989-இல் பில் காட்ஸ் என்ற அமெரிக்கர் ஜிப் வடிவத்தைக் கொண்டுவந்தார். வடிவத்தின் விவரக்குறிப்பையும் ஒளிக்காமல் வெளியிட்டார். இன்றுவரை ஜிப் செத்துப்போகாமல் இருப்பதற்கு அதுதான் பெரிய காரணம். ஆனால் ஜிப்பைப் பிரிக்க இன்னொரு மென்பொருள் வேண்டுமே! அது இல்லாதவர் என்ன செய்வார்? பிரிக்கும் நிரலையும் கட்டோடு சேர்த்தே ஒட்டி, தானே தன்னைப் பிரித்துக்கொள்ளும் எக்ஸி கோப்பாகக் கொடுத்தார்கள். (ஈ, எக்ஸ், ஈ என்று எழுத்தெழுத்தாகச் சொல்பவர்களும் உண்டு.) வீட்டுக்குச் சீர் கொண்டுவருபவர் அடுப்பையும் தூக்கிக்கொண்டு வருவது போல. இந்தக் குணத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: எக்ஸி தனக்கு வேண்டியதைத் தானே கொண்டுவரும்.

விண்டோஸ் 95 கூட 13 பிளாப்பிகளில் வந்தது. அதன்பின் நிறுவிகள் தயாரிப்பதே தனித் தொழிலானது. இன்ஸ்டால்ஷீல்டு காசுக்கு, ஜோர்டான் ரஸ்ஸல் 1997-இல் வெளியிட்ட இன்னோ செட்டப் இலவசம். வின்ஆம்ப் பாட்டுக் கருவியைச் செய்த நல்சாஃப்ட் நிறுவனம் தன் சொந்தத் தேவைக்கு எழுதிய நிறுவிதான் பிறகு என்.எஸ்.ஐ.எஸ். என்று எல்லோருக்கும் கிடைத்தது. உருவாக்குபவர் தனியாளாக இருந்தாலும் "நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்" என்று ஒரு நிறுவி செய்துவிடலாம் என்ற நிலை இவற்றால் வந்தது.

மைக்ரோசாஃப்டுக்கு இது பிடிக்கவில்லை, காரணமும் நியாயமானதே. எக்ஸி என்பது ஒரு நிரல். உள்ளே போய் என்ன செய்யும் என்று வெளியே இருந்து தெரியாது. ஒரு மென்பொருளின் நிறுவி இன்னொன்றின் டி.எல்.எல். கோப்பை அழித்துவிட்டுத் தன்னுடையதை வைத்துவிட்டுப் போகும். ஆகவே 1999-இல் ஆபீஸ் 2000-த்துடன் எம்.எஸ்.ஐ. வடிவம் வந்தது. எம்.எஸ்.ஐ. கோப்பு உண்மையில் ஒரு தரவுத்தளம். எந்தக் கோப்பு எங்கே போக வேண்டும், பதிவேட்டில் எது எழுதப்பட வேண்டும் என்று அட்டவணை அட்டவணையாக உள்ளே இருக்கும். அட்டவணையைப் படித்து வேலையைச் செய்வது விண்டோஸ். பாதியில் நின்றால் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஓர் அலுவலகத்தின் எல்லாக் கணினிக்கும் ஒரே இடத்திலிருந்து தள்ளலாம்.

வணிகவியல் படிப்பவர்களுக்குச் சொல்வதென்றால் எக்ஸி என்பது கையில் கொடுத்த ரொக்கம், எம்.எஸ்.ஐ. என்பது வவுச்சரோடு வந்த பணம். தணிக்கைக்கு இரண்டாவதுதான் நல்லது. ஆனால் தணிக்கை செய்ய ஆள் வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பெரிய தொழிற்சாலைக்குக் கணினித் துறை என்று ஒன்று இருக்கும், அங்கே எம்.எஸ்.ஐ. பயன்படும். பக்கத்திலேயே நான்கு கணினியோடு ஓடும் சின்னப் பட்டறைக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. அங்கே எக்ஸிதான் ராஜா.

இனி தமிழுக்கு வருவோம். 2000-களின் தொடக்கத்தில் தமிழில் தட்டச்ச ஆசைப்பட்டவர்களுக்கு முகுந்தராஜின் தமிழா குழு கொடுத்த எ-கலப்பை பெரிய வரம். அது டவுல்டசாஃப்ட் நிறுவனத்தின் கீமேன் என்ற விசைப்பலகை இயந்திரத்தின் மேல் ஏறி நின்றது. அஞ்சல் முறைக்கு ஒரு நிறுவி, தமிழ்99-க்கு ஒன்று, பாமினிக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கிடைத்தது. ஒரே நிறுவியில் மூன்றையும் வைத்திருக்கலாமே என்று இன்று தோன்றும். டயல்-அப் இணைப்பில் ஒவ்வொரு நூறு கே.பி.யையும் எண்ணி எண்ணி இறக்கிய காலம் அது. தேவையானதை மட்டும் இறக்கு என்பதே அன்று மரியாதை.

ஆனால் விண்டோஸ் எக்ஸ்பியில் ஒரு சிக்கல் இருந்தது. யூனிகோடு தமிழ் சரியாகத் தெரிய வேண்டுமானால் கன்ட்ரோல் பேனலுக்குப் போய், மொழிகள் பக்கத்தில், சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவு என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். போட்டதும் கணினி எக்ஸ்பி சீடியைக் கேட்கும். சீடி எங்கே? கணினி விற்ற கடைக்காரர் அதைக் கொடுத்திருக்கவே மாட்டார். ப்ரவுசிங் சென்டரில் கேட்டால் அடிக்க வருவார்கள். சீடி இல்லாவிட்டால் கொம்பு ஓரிடம், எழுத்து ஓரிடம் என்று தமிழ் சிதறிக் கிடக்கும். எத்தனையோ பேர் "யூனிகோடு சரியில்லை" என்று பழைய எழுத்துருவுக்கே திரும்பிப் போனதற்கு இதுவும் ஒரு காரணம். பழி யூனிகோடின் மேல் விழுந்தது. தப்பு நிறுவலில் இருந்தது.

நியூ ஹொரைசன் மீடியா (கிழக்கு பதிப்பகத்தார்) 2008 வாக்கில் வெளியிட்ட என்.எச்.எம். ரைட்டர் இந்த இடத்தில்தான் ஜெயித்தது. அதன் நிறுவி, இந்திய மொழி வசதியை எக்ஸ்பியில் தானே செய்து கொடுத்தது; இயங்குதள சீடி கேட்கவில்லை. விசைப்பலகைகளும் ஒரே நிறுவிக்குள் வந்தன. தட்டச்சு வசதிகளை விட இந்த ஒரு சமாச்சாரமே அதைப் பரப்பியது என்று சொன்னால் மிகையில்லை. அடுப்பையும் தூக்கிக்கொண்டு வரும் குணம்!

நடுவில், 2005 ஏப்ரல் 15 அன்று, மத்திய அரசு சென்னையில் இலவசத் தமிழ் மென்பொருள் சீடி ஒன்றை வெளியிட்டது. தயாநிதி மாறன் அமைச்சர். வெளியிட்டவர் சோனியா காந்தி. இணையத்தில் பதிந்துகொண்டால் தபாலில் சீடி வந்தது. எழுத்துருக்கள், ஓபன் ஆபீஸ், ஃபயர்ஃபாக்ஸ் என்று உள்ளே நிறைய இருந்தன. பழைய 8-பிட் குறியீட்டு எழுத்துருக்களும் யூனிகோடு எழுத்துருக்களும் ஒன்றாகக் கலந்து இருந்தன. எதை ஏற்றுவது என்று தெரியாதவர் எல்லாவற்றையும் ஏற்றினார். பிறகு தான் எழுதியது அடுத்தவருக்கு ஏன் தெரியவில்லை என்று குழம்பினார். இதற்கு ஒரு நல்ல நிறுவி "உங்களுக்கு எது வேண்டும்?" என்று கேட்டு வழி காட்டியிருக்க முடியும்.

எக்ஸியின் இன்னொரு முகத்தையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. "நியூ ஃபோல்டர்" என்ற வைரஸ் நினைவிருக்கிறதா? பென் டிரைவில் மஞ்சள் ஃபோல்டர் படம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். உண்மையில் அது எக்ஸி. திறந்தால் தீர்ந்தது. எதையும் தானே செய்யும் உரிமையை ஒரு கோப்புக்குக் கொடுத்ததற்கு இந்த நாடே கொடுத்த விலை அது.

இப்போது லினக்ஸ் பக்கம். யூனிக்ஸில் பழைய வழி டார். கோப்புகளை ஒன்றாகக் கட்டுவது, பிறகு சுருக்குவது. 1979-இல் ஏழாம் பதிப்பு யூனிக்ஸோடு வந்த கருவி அது. கட்டைப் பிரித்து, மூலநிரலைத் தொகுத்து, நிறுவ வேண்டும். எது எங்கே போனது என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. 1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன், கணக்கு வைக்கும் பொதி வடிவமாக டெப்பைக் கொண்டுவந்தது. 1995-இல் ரெட் ஹேட் ஆர்.பி.எம்.மைக் கொண்டுவந்தது, மார்க் யூவிங்கும் எரிக் ட்ரோவனும் எழுதியது.

டெப்பைப் பிரித்துப் பார்த்தால் அழகாக இருக்கும். உள்ளே மூன்றே பொருள்: பதிப்பு எண் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு, விவரங்கள் அடங்கிய ஒரு டார், கோப்புகள் அடங்கிய இன்னொரு டார். எந்த யூனிக்ஸிலும் உள்ள சாதாரணக் கருவிகளாலேயே பிரிக்கலாம். ஆர்.பி.எம். கொஞ்சம் முரடு, தனக்கே உரிய தலைப்பகுதி, அதற்குப் பின்னால் சி.பி.ஐ.ஓ. கட்டு. ஆனால் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. "எனக்கு இன்ன லைப்ரரி இன்ன பதிப்பில் வேண்டும்" என்று சீட்டு எழுதி வைத்திருக்கும். அடுப்பைத் தூக்கி வராது. வீட்டில் அடுப்பு இருக்கிறதா என்று கேட்கும். இல்லாவிட்டால் வாங்கி வரச் சொல்லும். ஒரே லைப்ரரியைப் பத்து மென்பொருள் பகிரலாம். அதில் ஓட்டை விழுந்தால் ஓரிடத்தில் அடைத்தால் போதும். இடம் மிச்சம், பாதுகாப்பு அதிகம். பொறியியலாக இது எக்ஸியை விட உயர்ந்த வழி, சந்தேகமே இல்லை.

வாங்கி வருவது யார் என்பதுதான் பிரச்சினை. ஆரம்பத்தில் மனிதர்தான் தேடித் தேடி வாங்கினார். ஒன்றை ஏற்றினால் மூன்று கேட்கும், மூன்றில் ஒன்று இன்னும் இரண்டு கேட்கும். 1999 மார்ச்சில் வந்த டெபியன் 2.1-இல் ஆப்ட் என்ற கருவி சேர்ந்தது. களஞ்சியத்துக்குப் போய் எல்லாவற்றையும் தானே கொண்டுவந்தது. ஆர்.பி.எம். உலகத்துக்கு யம் போன்றவை பிறகு வந்தன. களஞ்சியம் என்பது பெரும்பாலும் எங்கோ இருக்கும் ஒரு சர்வர். போக வழி, இணையம்.

இந்தியாவில் அந்த வழி குறுகல். நொடிக்கு 5 கே.பி. வந்த டயல்-அப்பில் 650 எம்.பி. சீடி ஒன்றை இறக்க 37 மணி நேரம் ஆகும். அதுவும் நடுவில் ஒருமுறை கூடத் தொடர்பு அறுந்துபோகாமல் இருந்தால்! ஆகவே இங்கே லினக்ஸ் தபாலிலும் பெட்டிக்கடையிலும்தான் வந்தது. பிசி குவெஸ்ட் இதழ் 1990-களின் நடுவிலிருந்தே லினக்ஸ் சீடி கொடுத்தது. ரெட் ஹேட்டையும் பிறகு ஃபெடோராவையும் ஒட்டி அவர்கள் செய்த பதிப்பு பலருக்கு முதல் லினக்ஸ். அதனால் இங்கே ஒரு தலைமுறைக்கு லினக்ஸ் பொதி என்றால் ஆர்.பி.எம். பிறகு உபுண்டு வந்தது. கேட்டால் போதும், ஷிப்இட் திட்டத்தில் கடல் தாண்டி இலவசமாக சீடி அனுப்பினார்கள். 2011 ஏப்ரலில் நிறுத்தும்வரை அது ஓடியது. அந்த உறையோடு டெப்பும் கல்லூரி விடுதிகளுக்குள் நுழைந்தது. வடிவங்களின் தொழில்நுட்பத்தை ஒப்பிட்டு யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. எந்த சீடி கைக்கு வந்ததோ அந்த வடிவம்.

அரசுக்கும் இதே கதைதான், சற்றுப் பெரிய அளவில். உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்தபோது, 2006-07 காலகட்டத்தில், எல்காட் சூசே லினக்ஸுக்கு மாறியது. தன் அலுவலகக் கணினிகளோடு நிற்காமல் பள்ளிகளுக்கும் அதைக் கொண்டுபோனது. சூசே, ஆர்.பி.எம். குடும்பம். ஏறக்குறைய அதே நேரத்தில், 2007 ஜனவரியில், சென்னை சி-டாக் பாஸ் லினக்ஸை வெளியிட்டது. அண்ணா பல்கலையின் ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையமும் சி-டாக்கும் சேர்ந்து நடத்திய திறமூல மென்பொருள் தேசிய வள மையத்தின் பிள்ளை அது. பாஸ், டெபியன் வழி. டெப் குடும்பம். ஆக ஒரே சென்னையில், பொதுப்பணத்தில், ஒரு நிறுவனம் ஆர்.பி.எம். பாதையிலும் இன்னொன்று டெப் பாதையிலும் போயின.

இதில் ஒரு வேடிக்கை. லினக்ஸ் ஸ்டாண்டர்ட் பேஸ் என்ற பொதுத் தரம் 2001-லேயே ஆர்.பி.எம்.மைப் பொதி வடிவமாக வைத்தது. அந்தத் தரம் 2006-இல் ஐ.எஸ்.ஓ. எண்ணும் வாங்கியது. காகிதத்தில் எல்காட் பக்கம்தான் சரி. ஆனால் ஃபெடோராவுக்குக் கட்டிய ஆர்.பி.எம். சூசேயில் அப்படியே ஏறும் என்று உறுதி கிடையாது; லைப்ரரிகளின் பெயரே மாறியிருக்கும். வடிவம் ஒன்றானால் போதாது, பின்னால் இருக்கும் களஞ்சியமும் ஒன்றாக வேண்டும். டெபியனுக்கு அப்படி ஒரு பெரிய களஞ்சியம் இருந்தது. சி-டாக் அதன்மேல் கட்டியது புத்திசாலித்தனம் என்றே சொல்ல வேண்டும். நான்கு வருடம் கழித்து மடிக்கணினியில் எல்காட்டே பாஸைப் போட்டுக் கொடுத்தபோது அந்தப் போட்டி சத்தமில்லாமல் முடிந்துபோனது.

ஆனால் காக்களூர் மடிக்கணினி போய்ச் சேர்ந்த வீட்டில் தமிழ்99 தட்டச்சு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். விண்டோஸில் ஒரு எக்ஸி. அக்கால லினக்ஸ் ஒன்றில் ஸ்கிம் ஒரு பொதி, அதை எம்17என்-னோடு இணைக்க ஒரு பொதி, விசைப்பலகை வரைபடங்கள் அடங்கிய தரவு ஒரு பொதி, எழுத்துரு ஒரு பொதி. முன்பே ஏற்றியிருந்தால் கவலையில்லை. இல்லாவிட்டால், இணையம் உள்ள இடத்தில் அது ஒரு வரிக் கட்டளை. இணையம் இல்லாத இடத்தில் அது பஸ் ஏறிப் போய் ப்ரவுசிங் சென்டரில் நான்கு கோப்பைத் தேடும் வேலை. டெபியன் இதை யோசிக்காமல் இல்லை. முழுக் களஞ்சியத்தையும் வட்டுகளில் அடுக்கி, அதை ஆப்டுக்கே காட்டிவிடும் வசதி ஆரம்பத்திலிருந்து உண்டு. மடிக்கணினி கொடுத்த ஒவ்வொரு பள்ளியிலும் அப்படி ஒரு வட்டுக் கட்டு இருந்து, அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஓர் ஆசிரியரும் இருந்திருந்தால் அந்தத் தொடக்கத் திரையின் கேள்விக்குப் பல பிள்ளைகள் வேறு பதில் சொல்லியிருப்பார்கள்.

பிறகு வந்த செல்போன் இந்தச் சண்டையை மறைத்துவிட்டது. ஆண்ட்ராய்டின் ஏ.பி.கே. கோப்பு அடிப்படையில் ஒரு ஜிப்தான், பில் காட்ஸின் அதே ஜிப்! கடையில் ஒரு பொத்தானை அழுத்துபவருக்கு அது தெரிய வேண்டியதில்லை. லினக்ஸிலும் ஸ்னாப், ஃபிளாட்பேக் என்று வந்தவை, தேவையான லைப்ரரிகளைப் பெருமளவு கூடவே கொண்டுவரும் வழிக்குத் திரும்பிவிட்டன. அதாவது பாதி எக்ஸி.

கணினியில் மட்டும் பழைய கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது. வருமான வரித் துறை பல ஆண்டுகள் படிவம் நிரப்பும் கருவியை எக்செல்லிலும் ஜாவாவிலும் கொடுத்தது. ஜாவா வடிவம் லினக்ஸிலும் ஓடியது. கூடவே ஜாவாவைத் தனியாக நிறுவ வேண்டும் என்ற தொல்லையும் உண்டு, அது வேறு. 2021 ஜூனில் புதிய தளம் வந்தபோது ஜாவா கருவி போய், விண்டோஸுக்கான கருவி வந்தது. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது விலைப்பட்டியல்களை ஏற்றக் கொடுத்த ஆஃப்லைன் கருவியும் ஒரு ஜிப், உள்ளே ஒரு எக்ஸி, விண்டோஸுக்கு மட்டும். கும்மிடிப்பூண்டியில் ஒரு சின்னப் பட்டறையின் கணக்குப்பிள்ளை, அரசு கொடுத்த பழைய மடிக்கணினியில் அரசே செய்த பாஸைத் திறந்து வைத்துக்கொண்டால், அரசு கொடுக்கும் அந்தக் கருவி அதில் ஓடாது. அவர் இணையத்தில் நேராகத் தளத்துக்குள் போய் ஒவ்வொரு பில்லாகத் தட்டலாம். இல்லாவிட்டால் கணினியை மூடி, மறுபடி திறந்து, அந்தப் பழைய கேள்விக்கு விண்டோஸ் என்று பதில் சொல்லலாம்.